தீ போன தடத்தில் யார் வருகிறார்கள்?

பிப்ரவரி மாதம் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிப் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு அந்தக் கறுப்புக் கோடு தெரிந்திருக்கும். சாலையின் இரு பக்கமும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லும் சருகும் கருகிக் கிடக்கும். வனத்துறை வேண்டுமென்றே வைத்த தீ அது. கோடையில் எங்காவது பெருந்தீ கிளம்பினால் சாலையைத் தாண்ட விடாமல் தடுக்கிற தீத்தடுப்புக் கோடு. புகை முழுக்க அடங்கியிருக்காது, அதற்குள் கரிச்சான்கள் வந்திருக்கும். கிளை நுனியில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் எகிறும் வெட்டுக்கிளியைக் காற்றிலேயே கவ்வி, அதே கிளைக்குத் திரும்பும். கொஞ்சம் தள்ளி ஒரு பனங்காடை, தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தபடி. சாம்பல் ஆறிய இடத்தில் கொண்டலாத்தி நடந்து நடந்து குத்திக்கொண்டிருக்கும்.

வண்டியில் இருப்பவர்களில் ஒருவர் கட்டாயம் ‘ஐயோ, பாவம் பறவைகள்’ என்பார். இன்னொருவர் கரிச்சானைக் காட்டி, ‘எங்கே பாவம்? விருந்தே நடக்குது பாருங்க’ என்பார். இரண்டு பேருமே ஒரே ஒரு நாளைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். வெட்டுக்கிளி தீர்ந்ததும் கரிச்சான் தன் வழியே போய்விடும். உண்மையான கேள்வி அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்: அடுத்த பருவத்தில் அங்கே யார் கூடு கட்டுவார்கள்? ஐந்து வருடம் கழித்து யாரைக் காணோம்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காட்டில் நடந்து பறவை எண்ணிய இடம் என்றால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சொல்ல வேண்டும். அரிசோனா, நியூ மெக்சிகோவில் தொடங்கி ஐடஹோ, ஓரிகன், வாஷிங்டன் வரை மலைச்சரிவுகளில் பாண்டிரோசா பைன் காடுகள் இருக்கின்றன. மழை குறைவு, கோடை வறட்சி கடுமை, மின்னலுக்குப் பஞ்சமில்லை. முற்றிய பாண்டிரோசா மரத்தின் பட்டை ஆரஞ்சும் பழுப்பும் கலந்து செதில் செதிலாக இருக்கும். வெயில் ஏறிய நேரத்தில் பட்டைப் பிளவில் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசம் அடிக்கும். அந்தப் பட்டை தடிமனானது, சீக்கிரம் சூடு ஏறாது. மரம் உயர உயரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடுவதால், தரையில் ஓடும் தீக்கு உச்சிக்கு ஏற ஏணி கிடைக்காது. மொத்தத்தில் தீயோடு குடித்தனம் நடத்தத் தயாரான மரம்.

சிறு தீ வந்து போகும்போதெல்லாம் அடிமரத்தில் ஒரு தழும்பு விழும். தழும்பையும் ஆண்டு வளையத்தையும் சேர்த்து எண்ணினால் எந்த வருடம் தீ வந்தது என்று சொல்லிவிடலாம். அப்படி எண்ணிப் பார்த்ததில், தென்மேற்கின் பல இடங்களில் பத்து வருடத்துக்குள்ளேயே ஒரு தீ என்ற கணக்கு வந்தது. வடக்கே போகப் போக இடைவெளி கூடும். சில தீ மின்னல் வைத்தது, சில அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வைத்தது. புல்லையும் சருகையும் தின்றுவிட்டு, கன்றுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டு, பெரிய மரங்களைத் தொடாமல் போய்விடும். அதனால்தான் அந்தக் காடு இடைவெளி விட்ட மரங்களும் நடுவே புல்லுமாகத் திறந்து கிடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆடு மாடுகள் வந்து தீ ஓட வேண்டிய புல்லை மேய்ந்துவிட்டன. அப்புறம் 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் கிட்டத்தட்ட 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். அன்று ஐந்து வயதான அமெரிக்க வனத்துறைக்கு அந்தப் பயம் எலும்பில் இறங்கிவிட்டது. 1935ல் ஒரு விதியே போட்டார்கள்: எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அதை அடக்கியாக வேண்டும். வனத்துறையே இதைக் கைவிட 1978 ஆயிற்று. இடையில் ஹரால்ட் வீவர் என்கிற வனவியலாளர் 1943லேயே, பாண்டிரோசா காட்டுக்குத் தீ வேண்டும் என்று எழுதினார். கலிபோர்னியாவில் ஹரால்ட் பிஸ்வெல் தானே சிறு தீ வைத்துக் காட்டினார். அவருக்குப் பட்டப்பெயர்கூட வைத்துக் கிண்டல் செய்தார்கள். கேட்க ஆளில்லை.

தீ இல்லாத எண்பது, நூறு வருடத்தில் கன்றுகள் எல்லாம் பிழைத்து நெருங்கி வளர்ந்தன. பெரிய மரங்களுக்கு நடுவே விரல் நுழையாத அடர்த்தி. இப்போது தீ வந்தால் தரையோடு ஓடாது. நெருக்கமான இளமரங்களைப் பிடித்து உச்சிக்கு ஏறி, இருநூறு வருட மரத்தையும் சேர்த்துக் கொளுத்திவிடும். இதைத் தவிர்க்கத்தான் ‘திட்டமிட்ட தீ’. காற்று எந்தத் திசை, ஈரப்பதம் எவ்வளவு, விழுந்து கிடக்கும் குச்சியில் ஈரம் எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுதி, அந்த வரம்புக்குள் வானிலை வந்தால் மட்டும் பற்றவைப்பார்கள். கையில் டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெயைச் சொட்டும் ஒரு பந்தம். பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத் தீயை நகர விடுவார்கள். அப்படி வைத்தால் அது முழங்கால் உயரத்தில், மெதுவாக, ஊர்ந்துதான் போகும்.

சரி, பறவைக்கு வருவோம்.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளி வைக்கலாம். இப்படிப்பட்ட தீயில் வளர்ந்த பறவை சாவது அபூர்வம். பறந்துவிடும். ஆபத்து முட்டைக்கும் பறக்காத குஞ்சுக்கும்தான். அதற்கும் மேலாக, தீ பறவையைத் தொடுவதைவிட அதன் வீட்டையும் சமையலறையையும் தொடுகிறது. ஆகவே ஒரு பறவை தரையில் மேய்கிறதா, இலையில் புழு பொறுக்குகிறதா, பட்டையைக் குத்துகிறதா, காற்றில் பூச்சி பிடிக்கிறதா, பொந்தில் குஞ்சு பொரிக்கிறதா என்று கேட்டாலே பாதிப் பதில் வந்துவிடும்.

தரையைப் பார்த்து இரை தேடுபவைக்குத் தீ பெரும்பாலும் லாபம். மேற்கத்திய நீலக்குருவி நல்ல எடுத்துக்காட்டு. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து கீழே வெட்டுக்கிளியோ வண்டோ தென்பட்டால் இறங்கி எடுக்கும். புதரும் கன்றும் அடர்ந்த தரையில் அதற்கு எதுவும் தெரியாது. எரிந்து திறந்த தரையில் எல்லாம் தெரியும். காற்றில் பூச்சி பிடிக்கும் ஈப்பிடிப்பான் வகைகளுக்கும் மரங்களுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் பறக்கத் தோது. நேர்மாறாக, அடர்ந்த இலைக்கூட்டத்துக்குள் சிற்றுயிர் பொறுக்கும் பொன்முடி கிங்லெட், நிழலான அடித்தளத்தில் சருகைக் கிளறும் ஹெர்மிட் திரஷ் போன்றவை எரிந்த இடத்தில் குறையும். இந்த வரிசை பெரிய ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் அளவில் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு 2002 முதல் பல மேற்கு மாநிலங்களில் பாண்டிரோசா காடுகளை எடுத்துக்கொண்டு, தீ வைக்கும் முன்பும் பின்பும் பறவைகளை எண்ணியது. தீ வைக்காத பக்கத்துக் காட்டிலும் அதே நாட்களில் எண்ணினார்கள். அது இல்லாவிட்டால் அந்த வருடத்து மழையால் வந்த மாற்றத்தையும் தீயின் கணக்கில் எழுதிவிடுவோம். மற்றவர்கள் செய்த ஆய்வுகளையும் ஒன்றாகப் போட்டு 2012ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்த செய்தி இதுதான்: திட்டமிட்ட சிறு தீயால் பெரும்பாலான பறவை இனங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அல்லது கொஞ்சம் கூடுகிறது, கொஞ்சம் குறைகிறது. நெருங்கிய மரங்களில் சிலவற்றை வெட்டிக் களைந்தால் வருகிற மாற்றத்துக்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது. பெருந்தீக்குப் பிறகு வருவதுபோலப் பறவைக் கூட்டமே தலைகீழாக மாறுவதில்லை.

இதைப் படித்ததும் சிலர் ‘அப்படியானால் திட்டமிட்ட தீ பாதுகாப்பானது’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு வரவில்லை. ஒன்றும் மாறவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பறவைக்குத் தீங்கில்லை என்பது ஒன்று. நூறு வருடம் அடைத்துக்கொண்ட காட்டை ஒரு தடவை ஊர்ந்து போன தீ திறக்கவே இல்லை என்பது இன்னொன்று. ஒரு முறை பெருக்கிவிட்டால் வீடு புதுசாகிவிடுமா?

எண்ணுவதிலும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. புதர் எரிந்தபின் காடு திறந்துவிடுகிறது. முன்பு இருந்தும் தெரியாத பறவை இப்போது கண்ணுக்குத் தெரியும், குரலும் தடையில்லாமல் தூரத்திலிருந்து காதில் விழும். எண்ணிக்கை கூடியது பறவை கூடியதாலா, பார்வை கூடியதாலா? இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் எண்ணிய பழைய கணக்குகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். இப்போது ஒரே இடத்துக்குப் பலமுறை போய், எத்தனை தடவையில் எத்தனை முறை தென்பட்டது என்பதை வைத்து, தவறவிட்டதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். நம் ஊரில் பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணப் போகிறவர்களுக்கும் இது நினைவில் இருப்பது நல்லது.

எண்ணிக்கையில் தெரியாமல் நடக்கும் காரியம் ஒன்று உண்டு: பட்ட மரங்களின் கதி. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வறண்ட பைன் காட்டில் பட்ட மரம் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. மரங்கொத்தி முதலில் பொந்து குடையும், ஓரிரு பருவம் இருந்துவிட்டுப் போகும். காலியான வீட்டில் நீலக்குருவி, சிக்கடி, சிறு ஆந்தை, தகைவிலான், அணில் என்று ஒவ்வொன்றாகக் குடியேறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தாமே பொந்து குடையத் தெரியாது. மரம் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு பழையதோ, உள்ளே எவ்வளவு மக்கியிருக்கிறதோ அவ்வளவு வாடகைதாரர்கள்.

சிறு தீ இந்தக் குடியிருப்பை என்ன செய்கிறது? உயிருள்ள பெரிய மரத்தைத் தடித்த பட்டை காப்பாற்றிவிடும். ஆனால் அடியில் மக்கி, காய்ந்து, பஞ்சுபோல ஆன பழைய பட்ட மரத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். உள்ளுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் கனன்று, ஒரு காலையில் சாய்ந்துவிடும். 1980களில் அரிசோனாவில் திட்டமிட்ட தீக்கு முன்னும் பின்னும் எண்ணியபோது பட்ட மரங்களில் கிட்டத்தட்டப் பாதி போயிருந்தது. தீ புதிதாகச் சில மரங்களைப் பட்டுப்போகவும் வைக்கும், உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் மெலிந்த இளமரங்கள். தொடை பருமன் உள்ள மரத்தில் பெரிய மரங்கொத்தி எப்படிக் குடித்தனம் நடத்தும்? எண்ணிக்கை சரியாகிவிட்டது போலத் தாளில் தெரியும், வீடு சரியாகாது.

இதற்கு மருந்து ரொம்ப எளிது, கை வலிக்கும் மருந்து. தீ வைப்பதற்கு முன் பெரிய பட்ட மரங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, சருகையும் ஊசியிலையையும் வாரி வெளியே தள்ள வேண்டும். ஒரு மரத்துக்குச் சில நிமிடம்தான். ஆயிரம் ஏக்கரில் எத்தனை மரம் என்று நினைத்துப் பார்த்தால்தான் ஏன் எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை என்று புரியும். அமெரிக்காவின் தென்கிழக்கில், நீளிலைப் பைன் காடுகளில், இதைச் சலிக்காமல் செய்கிறார்கள். அங்கே இருக்கிற செங்கொண்டை மரங்கொத்தி உயிருள்ள பைன் மரத்தில் பொந்து குடைகிறது. ஒரு பொந்துக்கு வருடக்கணக்கில் உழைப்பு. வாசலைச் சுற்றிப் பட்டையைக் குத்திக் குத்திப் பிசின் வழிய விடும். மரமேறும் பாம்பு அந்தப் பிசினைத் தாண்டி வர முடியாது. பாம்புக்குத் தடை, தீக்கு எண்ணெய். அடியில் சருகு எரிந்தால் பிசின் வழியாகத் தீ பொந்துக்கே ஏறிவிடும். ஆனாலும் தீ இல்லாமல் அந்தப் பறவைக்கு வாழ்வில்லை, ஏனென்றால் அடியில் கடின மரங்கள் வளர்ந்து பொந்து உயரத்தைத் தொட்டால் குடும்பமே காலி செய்துவிட்டுப் போய்விடும். சில வருடங்களுக்கு ஒருமுறை தீ, ஒவ்வொரு முறையும் மரத்தடியில் வட்டம். 1970ல் அழியும் நிலைப் பட்டியலில் ஏறிய அந்த மரங்கொத்தி, 2024ல் ஒரு படி இறங்கி ‘அச்சுறுத்தலில் உள்ளது’ என்ற நிலைக்கு வந்தது. அதில் மரத்தடியில் சருகு வாரியவர்களுக்கும் பங்கு உண்டு.

மேற்கில் இன்னொரு மரங்கொத்தி இந்தக் கதையைத் திருப்பிப் போடுகிறது. கருமுதுகு மரங்கொத்தி என்று வைத்துக்கொள்வோம். முதுகு முழுக்கக் கரி நிறம். எரிந்த மரத்தில் ஒட்டி நின்றால் தட்டும் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. இதற்கு வேண்டியது ஊர்ந்து போகும் சிறு தீ இல்லை. மரங்கள் நின்றபடி செத்த பெருந்தீ. காரணம் சாப்பாடு. மரம் கொல்லும் தீ எரிந்தால் அதைத் தேடி வண்டுகள் வரும். மெலனோபிலா என்ற வண்டினத்துக்கு உடம்பில் சிறு குழிகள் உண்டு, அவை வெப்பக் கதிரை உணரும். 1925ல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற ஊரில் எண்ணெய்த் தொட்டி தீப்பிடித்தபோது, பக்கத்தில் காடே இல்லாத அந்த இடத்துக்கு இந்த வண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. பாவம், ஏமாந்த விருந்தாளிகள்! அவை உண்மையான காட்டுத்தீக்கு வந்தால் கரிந்த பட்டைக்குள் முட்டையிடும். கூடவே நீள்கொம்பு வண்டுகளும். எரிந்த காட்டில் அமைதியாக நின்றால் அந்தப் புழுக்கள் மரத்தை அரைக்கும் கரகர சத்தம் மனிதக் காதுக்கே கேட்கும். மரங்கொத்திக்குக் கேட்காமல் இருக்குமா?

1988ல் யெல்லோஸ்டோன் எரிந்த அதே கோடையில் வடக்கு ராக்கி மலைகளிலும் பல காடுகள் முழுசாக எரிந்தன. மொன்டானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹட்டோ அப்படி 34 இடங்களில் நடந்து எண்ணி 87 இனங்களைப் பதிவு செய்தார். அவற்றில் 15 இனங்கள் வேறு எந்த வகைக் காட்டைவிடவும் எரிந்த காட்டிலேயே அதிகம் தென்பட்டன. கருமுதுகு மரங்கொத்தி கிட்டத்தட்ட அங்கே மட்டுமே. ஐந்தாறு வருடத்தில் புழுக்கள் தீர்ந்துவிட, அடுத்த தீ நடந்த இடம் தேடிப் போய்விடும். அப்போது பழைய எரிகாட்டில் லூயிஸ் மரங்கொத்தி மாதிரி வேறு ஆட்கள் குடியேறியிருப்பார்கள். லூயிஸ் மரங்கொத்தி மரத்தைக் குத்துவதைவிட ஈப்பிடிப்பான்போல் காற்றில் பூச்சி பிடிப்பதையே விரும்பும். மற்ற மரங்கொத்திகள் விட்டுப்போன பொந்தையே வசதியாக எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ‘தீ வைக்கலாமா வேண்டாமா’ என்று பறவைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினால் தீர்ப்பு வராது. கருமுதுகு மரங்கொத்தி பெருந்தீக்கு ஓட்டுப் போடும். புள்ளி ஆந்தை அதை எதிர்க்கும். 2014ல் கலிபோர்னியாவில் கிங் தீ என்ற பெருந்தீ ஒரே வீச்சில் பரந்த காட்டைச் சுட்டெரித்தபோது, அதற்குள் ஆண்டுக்கணக்கில் கண்காணித்துவந்த ஆந்தைக் குடும்பங்கள் பல இடத்தை விட்டுப் போயின. இத்தனைக்கும் சிறு துண்டாக எரிந்த இடத்தின் ஓரத்தில் அதே ஆந்தை போய் வேட்டையாடும். சண்டை தீயோடு இல்லை, திட்டு எவ்வளவு பெரிது என்பதோடு. பாண்டிரோசா காட்டில் பழைய காலத்திலும் தீ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடியதில்லை. பெரும்பகுதி தரையோடு போயிருக்கும், நடுவே அங்கங்கே ஒரு திட்டு முழுசாகச் செத்திருக்கும், பள்ளத்தில் ஒரு மூலை எரியாமலே இருந்திருக்கும். இந்த ஒட்டுத்துணி மாதிரியான காட்டில்தான் அதிக இனம் பிழைக்கிறது. மேலிருந்து உத்தரவு வந்து, எல்லா மலையிலும் ஒரே மாதத்தில், ஒரே உயரத்தில் தீ வைத்தால் அந்த ஒட்டுத்துணி வெள்ளை வேட்டியாகிவிடும். அதேபோல, பெருந்தீ முடிந்த கையோடு ‘வீணாகிறதே’ என்று கரிந்த மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் வண்டும் இல்லை, பொந்தும் இல்லை. சிறு தீ வைக்கிறவர்களும் பெருந்தீயின் மிச்சத்தை வெட்டுகிறவர்களும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள் என்பது இதில் கொஞ்சம் சங்கடமான உண்மை.

எந்த மாதம் என்பது தனிப் பிரச்சினை. மேற்கில் பனி உருகியபின் வசந்தத்தில் தரை ஈரமாக இருக்கும், தீயைப் பிடித்து நிறுத்துவது எளிது. ஆனால் தரையில் கூடு கட்டும் ஜங்கோ, டவ்ஹீ வகைகளுக்கு அதுதான் முட்டைக் காலம். இலையுதிர் காலத்தில் வைத்தால் கூடு தப்பும், ஆனால் கோடை முழுக்கக் காய்ந்த எரிபொருள். தீ சற்றுக் கடுமையாகவே போகும், பட்ட மரமும் அதிகம் விழும். கூடு போன பறவை அதே பருவத்தில் மறுபடி முட்டையிடுவதுண்டு. பஞ்சுபோல் மக்கிய பட்ட மரத்துக்கு மறுபடி என்பதே இல்லை, அது உருவாக நம் ஆயுள் போதாது. இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டால் நான் மரத்தின் பக்கம் நிற்பேன்.

கைமீறும் தீயைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று. 2000 மே மாதம் நியூ மெக்சிகோவில் பாண்டலியர் தேசிய நினைவிடத்தில் வைத்த திட்டமிட்ட தீ கட்டுமீறி, அணுகுண்டு ஆராய்ச்சிக்குப் பேர்போன லாஸ் அலமோஸ் ஊருக்குள் நுழைந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 2022 ஏப்ரலில் அதே மாநிலத்தில் வைத்த ஒரு தீ, குளிர்காலத்தில் குவித்து எரித்து அணைந்துவிட்டதாக நம்பிய குவியலிலிருந்து கிளம்பிய இன்னொரு தீயோடு சேர்ந்து 3,41,000 ஏக்கரை எரித்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரிய தீ. வனத்துறை நாடு முழுக்கத் திட்டமிட்ட தீயை 90 நாள் நிறுத்திவைத்தது. வீடு இழந்த குடும்பத்திடம் போய் நீலக்குருவி கூடும் என்று விளக்க முடியாது. அதனால்தான் தீ வைக்கும் அதிகாரி ஒவ்வொருவரும் குறிப்பிட்ட நாளைவிட ஈரமான நாளையே தேடுகிறார், தீ இன்னும் மெலிகிறது, காடு இன்னும் கொஞ்சம் திறக்காமல் போகிறது.

இதையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து முதுமலையிலோ கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலோ வைக்க முடியாது. இங்கே இலையுதிர் காடு, பைன் இல்லை. அங்கே நோய் தீ வராதது. இங்கே பல இடங்களில் மனிதர் கையால் தீ அடிக்கடி வருவது. ஆனால் தீயைக் கண்டால் குற்றம் என்கிற எண்ணத்துக்கு இரண்டு நாட்டுக்கும் ஒரே பள்ளிக்கூடம். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸ் காலத்தில் இங்கே தீத்தடுப்பு காட்டு நிர்வாகத்தின் அடையாளமே ஆயிற்று. பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபோர்ட் பின்ஷோ, ஐரோப்பாவில் படித்த காலத்தில் பிராண்டிஸிடம்தான் வழி கேட்டார். வேடிக்கை என்னவென்றால், இங்கே இருந்தவர்களுக்கே சீக்கிரம் சந்தேகம் வந்துவிட்டது. பர்மா தேக்குக் காட்டில் தீயை அடைத்தால் தேக்குக் கன்று முளைப்பதில்லை என்று கண்டு, 1896லேயே ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று எழுதினார்.

பழங்குடி மக்களான சோலிகர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. பிலிகிரிரங்கன் மலையில் அவர்கள் சருகு காய்ந்த உடனே, ஜனவரி பிப்ரவரியில், தரையோடு ஓடும் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்று பெயர், சருகுத் தீ. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. 1974ல் அந்த மலை சரணாலயமானது. அதற்குப் பின் இரண்டு விஷயம் பெருகியது என்கிறார்கள் சோலிகர்கள்: லன்டானா எனும் உண்ணிச்செடியும் புல்லுருவியும்.

புல்லுருவிக் கதையில் பறவைதான் கதாநாயகன், அல்லது வில்லன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பூக்கொத்தி. புல்லுருவிப் பழத்தை விழுங்கும். விதையைச் சுற்றி வஜ்ரப் பசை மாதிரி ஒன்று இருக்கும், கழிவோடு வெளியே வரும்போதும் அந்தப் பசை விடாது. பூக்கொத்தி பின்புறத்தைக் கிளையில் தேய்த்து விதையை ஒட்டிவைத்துவிட்டுப் பறக்கும். அங்கேயே அது முளைத்து, நெல்லி மரத்தின் கிளைக்குள் வேரைச் செலுத்தும். நெல்லிக்காய் பறித்துப் பிழைத்த சோலிகர்களுக்கு இது நேரடி நஷ்டம். முன்பெல்லாம் சருகுத் தீயின் சூடு தாழ்ந்த கிளைகளின் புல்லுருவியைக் கருக்கிவிடும், நெல்லி மறுபடி தளிர்த்துவிடும் என்பது அவர்கள் விளக்கம். தீயை நிறுத்தியதில் பூக்கொத்திக்குக் கொண்டாட்டம், நெல்லிக்குத் திண்டாட்டம். அங்கே பூக்கொத்திகளை மட்டும் எண்ணிவிட்டு ‘பறவைகள் நலம்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்?

உண்ணிச்செடி இன்னும் சிக்கலானது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதை பரப்பும். தவிட்டுக்குருவிக் கூட்டம் அதற்குள் ஒளியும். ஆனால் மலே மாதேஸ்வரா மலைக்காட்டில் எண்ணியபோது, உண்ணி அடர அடரப் பறவை இனங்களின் பன்மை குறைந்தது. தலைக்கு மேல் உயர்ந்த உண்ணிப் புதர் எரிந்தால் அது தரகு பெங்கி அல்ல. மரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பும் தீ, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் உண்ணி. பழைய முறையில் தீ வைக்கலாம் என்று இன்று அனுமதி கொடுத்தாலும், முதலில் உண்ணியை வெட்டி வேரோடு எடுக்காமல் வைக்க முடியாது. அமெரிக்காவில் இளமரங்களைக் களைந்துவிட்டுத் தீ வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேள்விகள் மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது. அங்கே தரையில் கூடு கட்டும் ஜங்கோ என்றால் இங்கே காட்டுக்கோழியும் பக்கி என்கிற இரவுப் பறவையும். பக்கி கூடே கட்டாது. மார்ச் ஏப்ரலில் சருகு மேலேயே இரண்டு முட்டை வைத்துவிட்டு, தானும் சருகு மாதிரி மேலே உட்கார்ந்துகொள்ளும். ஜனவரியில் வைத்த தீ அதற்கு முன்பே முடிந்திருக்கும். மார்ச்சில் யாரோ பீடித்துண்டைப் போட்டுக் கிளம்பிய தீ முட்டை மேலேயே போகும். வேங்கை, மருது, தேக்கு என்று பழைய பட்ட மரங்கள் இங்கேயும் கிளிக்கும் மைனாவுக்கும் ஆந்தைக்கும் வீடு. தீத்தடுப்புக் கோடு எரிக்கும் வேட்டைத்தடுப்புக் காவலர்கள் பச்சை இலைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தீ கோட்டைத் தாண்டாமல் அடித்துக்கொண்டே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று கோட்டுக்குள்ளேயே நின்ற ஒரு மொட்டை மருத மரத்தின் அடி கனன்றுகொண்டிருந்தது. அதில் ஆளுயரத்துக்கு மேல் மூன்று பொந்து. ஒருவர் திரும்பி வந்து, காலால் மண்ணைத் தள்ளி, தண்ணீர் பாட்டிலில் இருந்த கடைசிக் கால் லிட்டரை அதன்மேல் ஊற்றிவிட்டுப் போனார்.